சுவருக்குள் செத்த எலி

அவர் முதல் தடவை விழுந்தது வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையில், கையில் மருந்தடிக்கும் குழாயோடு. கரப்பானுக்கு அடித்த மருந்து தலைக்கேறிவிட்டது என்றுதான் அவர் மனைவியும் நினைத்தாள். ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"மூளைக்குள்ள நாடாப்புழுக் குஞ்சுங்க இருக்கும்மா. கழுவாத கீரையோ கையோ, எது வழியாவோ புழு முட்டை உள்ள போயிருக்கு," என்றார் டாக்டரம்மா. "இப்போ வலிப்பு மாத்திரை மட்டும் குடுங்க. புழுவைக் கொல்ற மருந்தை நான் சொல்லாம தொடக்கூடாது."

வெளியே வந்ததும் கணவர் சிரித்தார். "ஊர்ப் பூச்சியெல்லாம் கொன்னவன் மண்டையிலயே பூச்சி குடித்தனம் நடத்துது பாரு."

அவர் தலை சீவினால்கூட, சீப்புக்கு அடியில் அந்தப் புழுக்கள் நெளிவதுபோல் அவளுக்கு இருந்தது. வீடு வீடாகப் பூச்சிமருந்து அடிக்கும் அவர் தொழிலில் மருந்து கலப்பது அவள் வேலை. கண்டவுடன் அடி, முழுசாக அடி, நாளைக்கென்று விட்டால் ஒன்று நூறாகும். அவளுக்குத் தெரிந்த வேதம் இதுதான். டாக்டரம்மா ஏன் ஆறப் போடுகிறார் என்று விளங்காமல், மருந்துக்கடையில் குடல் புழுவுக்குப் போடும் பூச்சி மாத்திரை வாங்கி, தினமும் வலிப்பு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தாள். அவள் கையில் எது கொடுத்தாலும் பார்க்காமல் விழுங்குகிற மனுஷன் அவர்.

சில நாளில் தலைவலி வந்தது. வாந்தி எடுத்தார். அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. சாகப்போகிற பூச்சிதானே துள்ளும், மருந்து பிடிக்கிறது என்று நினைத்தாள், பாவி. மறுநாள் காலை டம்ளரைக் கையில் வாங்கியவர் அப்படியே சாய்ந்தார். வலிப்பு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது அவளை யாரோபோலப் பார்த்தார்.

நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"உயிரோட இருக்கிற வரைக்கும் புழு உடம்புக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கும்மா. செத்து உடைஞ்சாதான் உடம்பு கண்டுபிடிச்சுச் சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையில வீங்கறது மூளை. அதனாலதான் வீக்கத்துக்கு முதல்ல மருந்து குடுத்துட்டு, அப்புறமா புழுவைக் கொல்லுவோம்."

வீட்டுக்கு வீடு கணவர் சொல்லுவதை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். "சுவருக்குள்ள இருக்கிற எலிக்கு விஷம் வைக்காதீங்க. உயிரோட இருந்தா சத்தம் மட்டும்தான். உள்ளயே செத்துச்சுன்னா நாத்தத்துல யாரும் குடியிருக்க முடியாது." மருந்து வாங்கிய அன்று அது ஏன் நினைவுக்கு வரவில்லை?

"வீக்கத்துக்கு ஊசி போட்டிருக்கோம். ஆனா அது வேலை செய்ய நேரமாகும். அதுக்குள்ள இன்னும் எத்தனை சாகுமோ தெரியல," என்றார் டாக்டரம்மா.

தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர் கை மறுபடி வெட்டி இழுத்தது. பூச்சி கொன்றே இத்தனை நாள் சோறு தின்றவள், இந்தப் புழுக்கள் இன்று ஒரு நாளாவது உயிரோடு கிடக்கட்டும் என்று கைகூப்பி வேண்டிக்கொண்டாள்.