இடது பக்கப் பின் சீட்

என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான், தலைமையிலிருந்து அல்ல. வீட்டில் ஒரு பல்பு ஃபியூஸ் போனாலும் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். தலைவர் அவர், குற்றவாளி நான். இருபத்திரண்டு வருடமாகத் தீர்ப்பு மாறியதில்லை.

எங்கள் வண்டி பதினேழு வயதான பெரிய எஸ்.யூ.வி. அவர் ஓட்டிக் களைத்து எங்களுக்குத் தந்தது. தந்ததை நாங்கள் மறந்துவிடாமல் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வார். இரண்டு மாதமாக அது நினைத்த இடத்தில் நின்றது. நான் ஃபியூயல் பம்பை மாற்றினேன். போன வியாழக்கிழமை மேம்பாலத்து ஏற்றத்தில், என் மனைவியும் மகளும் உள்ளே இருக்க, பின்னால் ஒரு லாரி அலற, மறுபடி நின்றது.

"மலிவு பம்ப்," என்றார் மாமனார். "மாப்பிள்ளைக்கு எல்லாமே மலிவாத்தான் இருக்கணும். புத்தி உட்பட."

மனைவி எங்கள் இருவரையும் வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தாள். "யார் தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அது தெரியாம ரெண்டு பேரும் இந்தப் படி ஏற வேணாம்."

எனக்கு வண்டி ஓடுவதைவிட வேறொன்று வேண்டியிருந்தது. 'நீ சொன்னது சரி மாப்பிள்ளை' என்று அந்த வாயால் ஒரே ஒரு தடவை.

வண்டியை ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த எலக்ட்ரிஷியன் அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடியின் உடைந்த காதுக்குப் பதிலாகக் காப்பர் வயரை வளைத்து மாட்டியிருந்தார். மாமனார் பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, அதன்மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் குஷனை வைத்து அமர்ந்தார். எட்டு மாதமாக அந்தக் குஷன் இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. வண்டியில் அவருக்கு முன்னால் அவர் சென்ட் ஏறும். இடது பக்கப் பின் சீட் அவருடையது. அதை அவரேதான் துடைப்பார், வேறு யாரும் தொடக்கூடாது. பதவி போனாலும் நாற்காலியை விடாத ஜாதி என்று மகளிடம் நான் கிண்டல் செய்ததுண்டு.

அக்கா சாவியைத் திருகிக் காது கொடுத்தார். "ரெண்டு செகண்ட் பம்ப் முனகணும். முனகல."

"மீட்டரை வைம்மா," என்று உத்தரவு வந்தது.

அக்கா வண்டிக்கு அடியில் படுத்து, பம்புக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட்.

"கரண்ட் வருது! அப்போ பம்ப்தான் தண்டம். கேஸ் முடிஞ்சது!"

"சும்மா இருக்கிறப்போ எல்லாரும் பன்னிரண்டு காட்டுவாங்க ஐயா. வேலை குடுத்தாத்தான் யோக்கியதை தெரியும்," என்று அக்கா ஒரு ஹெட்லைட் பல்பை அதே இரண்டு வயரிலும் மாட்டினார். பல்பு தூங்கப்போகும் கோழியின் கண்போல மினுங்கியது. மீட்டர் நாலுக்கு இறங்கிவிட்டது. பிறகு பல்பின் ஒரு முனையை எடுத்து, நீளமான வயர் ஒன்றால் நேராக பேட்டரியின் நெகட்டிவில் இணைத்தார். பளீரென்று எரிந்தது.

"கரண்ட் வர்ற வழி நல்லாத்தான் இருக்கு. திரும்பிப் போற வழிதான் கெட்டிருக்கு. எர்த். சார் போட்ட பம்ப் நல்ல பம்ப்."

நான் மாமனாரைப் பார்த்தேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

"எர்த் ஏன் கெட்டுச்சு? மூல காரணம் தெரியாம ரிப்பேர் பண்றவன் மெக்கானிக் இல்லம்மா, மந்திரவாதி. எங்க இருக்கு அந்த எர்த்?"

"பின் சீட்டுக்கு அடியில ஐயா. இடது பக்கம்."

அவர் குஷன்மேல் நெளிந்து உட்கார்ந்தார். பிறகு, "சரி சரி, வேற இடத்துல ஒரு எர்த் குடுத்து முடிச்சிரும்மா. சீட்டெல்லாம் கழட்ட வேணாம்," என்றார்.

ஜெயித்தவனுக்குக் கண் தெரியாது. "அதெப்படி மாமா?" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "மூல காரணம் வேணுமே! கழட்டுங்க அக்கா."

அக்கா போல்ட்டுகளைத் திருகி சீட்டைத் தூக்கினார். சென்ட்டைத் தாண்டிக்கொண்டு வேறொரு வாடை வந்தது. கார்ப்பெட்டின் அடிப்பஞ்சு ஊறிக் கிடந்தது. எர்த் போல்ட்டைப் பச்சைக் களிம்பு மாவாக மூடியிருந்தது. அக்கா என் பக்கம் குனிந்தார்.

"சார், இது தண்ணி இல்ல. எங்க மாமியார் கட்டிலுக்கு அடியிலயும் இப்படித்தான் இருந்துச்சு."

சிறுநீர். ஒரு நாள், இரண்டு நாள் சங்கதி அல்ல. குஷன், சென்ட், யாரும் தொடக்கூடாத சீட். ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கத்தில் மூன்று மணி நேரம் தலைமையுரை ஆற்றிவிட்டு, நெரிசலில் ஒரு மணி நேரம் என் பின்னால் வாய் மூடாமல் என்னைத் திட்டிக்கொண்டே வந்த மனிதர், அந்த ஒரு மணி நேரமும் என்ன பாடுபட்டிருப்பார்!

"என்னவாம்?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. கமிஷன் தலைவரின் குரல் அல்ல. கூண்டில் நிற்பவனின் குரல்.

இருபத்திரண்டு வருடமாகச் சாணை பிடித்து வைத்திருந்த வாக்கியங்கள் என்னிடம் ஒரு மூட்டை இருந்தன.

"ஏசி தண்ணி மாமா," என்றேன். "ஒழுகி உள்ள இறங்கியிருக்கு. நான்தான் நேரத்துல சர்வீஸ் விடல."

அந்த வண்டியில் ஏசி முன்பக்கம் இருக்கிறது. அதன் தண்ணீர் பின் சீட்டுக்கு நடந்து வர முடியாது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேறு நாளாக இருந்தால் படம் போட்டு விளக்கியிருப்பார். அவர் குஷனின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஆமா," என்றார். "நீ சொன்னது சரி மாப்பிள்ளை."

அக்கா போல்ட்டைச் சுரண்டி, புது வயர் இழுத்து முறுக்கி, சீட்டைத் திரும்ப மாட்டினார். சாவியைத் திருகியதும் பம்ப் இரண்டு செகண்ட் முனகியது. வண்டி ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. "பஞ்சை மாத்திருங்க," என்றவர், குரலைத் தாழ்த்தி, "டாக்டர்கிட்ட காட்டினா மாத்திரை குடுப்பாங்க சார்," என்றார்.

மனைவியின் ஃபோன் வந்தது. "யார் தப்பு?"

"என் தப்பு."

"நினைச்சேன்," என்று வைத்துவிட்டாள்.

பின் கதவைத் திறந்து வைத்தேன். மாமனார் எழுந்திருக்கவில்லை. குஷனை விட்டு எழுந்தால் ஈரம் தெரிந்துவிடும் என்பதுபோல அதன்மேல் இறுகி உட்கார்ந்திருந்தார்.

"நீ போ. நான் இங்கயே இருக்கேன் கொஞ்ச நேரம்."

முன்னால் போய் இஞ்சினை அணைத்தேன். அவர் பக்கத்தில் ஒரு டயரைப் புரட்டிப் போட்டு உட்கார்ந்தேன். ஏதாவது பேச வேண்டும். அந்த மனிதரிடம் எதிர்ப்பேச்சைத் தவிர வேறெதையும் பேசிப் பழகாதவன் நான்.