தேனம்மையின் வலப்பக்கம்

விவாகரத்துத் தீர்ப்பில் எங்கள் மகள் தேனம்மையின் இடப்பக்கம் எனக்கு வந்தது. வலப்பக்கம் அவள் அப்பா மெய்யப்பனுக்கு. நீதிபதி நல்ல மனிதர். கோடு நேராக விழவேண்டும் என்று ஸ்கேல் வைத்துத்தான் தீர்ப்பு எழுதினார்.

அன்றிலிருந்து அவளுடைய இடது காதில் மட்டும்தான் பேசுகிறேன். இடது கைக்கு மருதாணி வைக்கிறேன். இடது கால் செருப்பை நான் வாங்குகிறேன், வலது கால் செருப்பை அவர் வாங்குகிறார். அவர் எப்போதும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவார். வளர்கிற பிள்ளையாம். என் பக்கமும்தான் வளர்கிறது. நான் அளவெடுத்து வாங்குகிறேன்.

மற்றவர் பக்கத்தைத் தொடக்கூடாது என்றும் தீர்ப்பில் இருந்தது. நான் தொட்டதில்லை. எடுத்த காரியத்தைச் சரியாகச் செய்கிற ஆள் நான்.

மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். இடப்பக்கத்துக்கு என் ரேஷன் கார்டை வைத்து அரசுக் காப்பீடு. வலப்பக்கத்துக்கு அவர் கம்பெனி கொடுத்த தனியார் காப்பீடு. இடது காதில் சீழ் வந்தால் அரசு. வலது முழங்கை பிசகினால் கம்பெனி. சளி பிடித்தால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பார்த்து அந்தக் கார்டை நீட்டுவோம். ஒரு குழப்பமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

என் பெயர் உமையாள். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எனக்குக் கைவந்த கலை. அப்பளம் வரவில்லை என்று ஒரு பக்கம் எழுந்து நின்றால் இன்னொரு பக்கத்துக்குத் தெரியாமல் உட்கார வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தேனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கிட்டு வலிக்குது?"

"நடுவுல."

"நடுவுலன்னா எந்தப் பக்கம்?"

"தொப்புள்லம்மா."

தொப்புளைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வார்த்தை கிடையாது. மெய்யப்பனுக்குப் போன் செய்தேன். அவர் உடனே வந்தார். அவளை நடுவில் நடக்கவைத்து, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் அவள் வயிற்றை ஒரு தடவை அழுத்தினார்.

"குடல்வால் வீங்கியிருக்கு. ஆபரேஷன்தான். மத்தியானத்துக்குள்ள எடுக்கலைன்னா வெடிச்சிரும்" என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

"குடல்வால் வலப்பக்கம்தானே டாக்டர்? அப்ப கம்பெனி காப்பீடு" என்றேன். எனக்கு இதெல்லாம் தெரியும்.

"வால் அங்கிட்டுத்தான் இருக்கு. வலி தொப்புள்ல இருக்கே. நாங்க வலியைத்தான் பதியிறோம்."

"சரி. இப்ப என்ன செய்யணும்?"

"ரெண்டு காப்பீட்டுல எது மொதல்னு ஃபைல்ல எழுதணும். எழுதினாத்தான் தியேட்டர் கதவு தொறக்கும். நானும் தள்ளிப் பாத்துட்டேன். அசையலை."

தியேட்டர் ஒரு வராந்தாவின் நடுவில் இருந்தது. கதவுக்கு முன்னால் தேனுவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். வராந்தாவின் ஒரு கோடியில் அரசுக் காப்பீட்டு கவுண்டர், மறு கோடியில் தனியார் காப்பீட்டு கவுண்டர். பத்து எட்டு வைத்தால் எதற்கும் போய்விடலாம். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அரசு கவுண்டரில் லோகநாயகி என்ற அம்மாள் இருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"பிள்ளைக்கு வேற காப்பீடு இருக்காம்மா?"

"இருக்கு."

"அப்ப அவுங்க மொதல்ல. மிச்சத்தை நாங்க பாத்துக்குறோம்."

சொல்லிவிட்டு மரியாதையாக ஓர் எட்டு பின்னால் வைத்தார். கவுண்டரும் அவரோடு பின்னால் போனது.

"தொப்புள் என்னுதும்மா. பத்து மாசம் என்கூட ஒட்டியிருந்தது" என்றேன்.

"ஒட்டியிருந்தது வாஸ்தவந்தான். அப்புறம் வெட்டியாச்சுல்ல? வெட்டுன இடத்துல யாரும் சொந்தம் கொண்டாட முடியாது."

அடுத்த கோடியில் நிஷாந்த் என்று ஒரு இளைஞன் டை கட்டியிருந்தான். மெய்யப்பன் அவனிடம் கம்பெனி கார்டைக் கொடுத்தார்.

"கவர்மெண்ட் ஸ்கீமும் இருக்குல்ல சார்? அவங்க ஃபர்ஸ்ட். பேலன்ஸ் நாங்க."

அவனும் ஓர் எட்டு பின்னால் வைத்தான். அந்த அளவுக்கு வராந்தா நீண்டது.

நாங்கள் திரும்பத் திரும்ப நடந்தோம். போகிற ஒவ்வொரு தடவையும் "அவங்க மொதல்ல" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பின்வாங்கினார்கள். இரண்டு பேரும் ரொம்ப நல்லவர்கள். பந்தியில் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு நீங்கள் உட்காருங்கள், நீங்கள் உட்காருங்கள் என்று உபசாரம் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாம்பார் ஆறிப்போவதுதான் மிச்சம்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் ஒரு டீக்கடை வந்துவிட்டது. அதற்கப்புறம் டவுன் பஸ் விட்டார்கள். எனக்கு டிக்கெட் கிடையாது, பெண்களுக்கு இலவசம். மெய்யப்பன் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுத்தார். சில்லறை இல்லை என்று கண்டக்டரிடம் திட்டு வாங்கினார்.

"ஆபரேஷன் தியேட்டர் இறங்கு!" என்று வழியில் கண்டக்டர் கத்துவார். யாரும் இறங்கமாட்டார்கள். பஸ் ஜன்னல் வழியாக தேனுவைப் பார்ப்போம். அவள் எனக்கு இடது கையை ஆட்டுவாள், அவருக்கு வலது கையை ஆட்டுவாள். பாரபட்சம் காட்டாத பிள்ளை.

"கவலைப்படாத உமையா. இந்தத் தடவை முடிஞ்சிரும்" என்றார் மெய்யப்பன்.

"நான் கவலைப்படலை. நீங்க டிக்கெட்டைத் தொலைக்காம இருங்க."

அடுத்த தடவை பஸ் தியேட்டரைத் தாண்டியபோது தேனு கையை ஆட்டவில்லை. எந்தக் கையையும் ஆட்டவில்லை. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். டாக்டர் கதவைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தார்.

நான் விசிலுக்குக் காத்திருக்காமல் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கினேன். மெய்யப்பனும் இறங்கினார். கண்டக்டர் எங்கள் இரண்டு குடும்பத்தையும் திட்டினார்.

தேனுவின் இடது நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. மெய்யப்பன் வலது நெற்றியில் கை வைத்தார்.

"இங்கிட்டும் கொதிக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் இவ்வளவு நேரமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. முதல் மரியாதைக்காகத் திருவிழாவில் மண்டை உடைத்துக்கொள்கிற ஊர்க்காரர்கள்தான் எங்களிடம் வந்து கல்யாணம் நடத்துகிறார்கள். ஒருவருக்கு முன்னால் இன்னொருவருக்குச் சந்தனம் கொடுத்துவிட்டால் சம்பந்தமே முறிந்துபோகும். முதல் என்றால் பின்வாங்குகிற ஜனமா இது?

மண்டபத்துக்குப் போன் செய்தேன். அன்று முகூர்த்தம் இல்லை. மேளக்காரர்கள் சும்மாதான் இருந்தார்கள். ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைப் போட்டேன். வெள்ளித்தட்டில் மாலை, சந்தனம், கல்கண்டு. அதன்மேல் கோயில் மரியாதையாகத் தலையில் கட்டுகிற பரிவட்டம், அரக்குக் கரை போட்ட பட்டுத்துணி. ஒன்றுதான்.

"வாசிங்க" என்றேன்.

நாதஸ்வரம் இரண்டு கோடிக்கும் கேட்டது. நான் மெய்யப்பனைப் பார்த்து, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"பரிவட்டம் ஒண்ணுதான் இருக்கு. ஃபைல்ல மொதல்ல பேர் எழுதுறவுங்களுக்குத்தான் கட்டமுடியும். ரெண்டாவது ஆளுக்கு வெறுங்கல்கண்டுதான்."

தூரத்தில் லோகநாயகி அம்மாள் எழுந்து நிற்பது தெரிந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மெதுவாக நடக்க ஆரம்பித்தார். மறு கோடியில் நிஷாந்தும் நடப்பதைப் பார்த்ததும் வேகமாக நடந்தார். அப்புறம் இரண்டு பேரும் ஓடினார்கள். நிஷாந்தின் டை தோளுக்குப் பின்னால் பறந்தது.

அவர்கள் வைத்த ஒவ்வோர் எட்டுக்கும் வராந்தா சுருங்கியது. டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். பஸ்ஸுக்கு இடமில்லாமல் போய், அதை ரிவர்ஸில் எடுத்துப் போனார்கள்.

"ஏழைபாழைக்கு நாங்கதான் எப்பவும் மொதல்ல வந்து நிக்கிறோம்!" என்றார் லோகநாயகி அம்மாள், மூச்சு வாங்க.

"மேடம், நீங்கதான மிச்சத்தைப் பாத்துக்குறேன்னீங்க?"

"யாரைப் பாத்து மிச்சம்ங்கிற? நீதான்டா மிச்சம்!"

"நாங்க வருஷா வருஷம் பிரீமியம் வாங்குறோம் மேடம். எங்களுக்குத்தான் மரியாதை."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஃபைலைப் பிடித்து, ஒரே சமயத்தில் 'முதல்' என்று எழுதினார்கள். ஒன்றுக்கு இரண்டு முதல் ஆகிவிட்டது. தியேட்டர் கதவு திறந்துகொண்டது. அதற்குப் படிக்கத் தெரியும், எண்ணத் தெரியாது போலிருக்கிறது.

டாக்டர் வேறு எதையும் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

வெளியே பரிவட்டத்தின் ஒரு முனையை அந்த அம்மாளும் மறு முனையை நிஷாந்தும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டு நல்ல பட்டு. கிழியவில்லை. மேளக்காரர்கள் விடாமல் வாசித்தார்கள். நானும் மெய்யப்பனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தோம்.

டாக்டர் வந்து மாஸ்க்கை இறக்கினார். ஒரு கிண்ணத்தை நீட்டி உள்ளே இருந்ததைக் காட்டினார். சுண்டுவிரல் நீளம் இருந்தது.

"நல்லவேளை, வெடிக்கலை. இது யாருக்கு?"

"நீங்களே வச்சுக்கங்க" என்றோம் இருவரும்.

அந்தக் கதவைத் திறக்கவைத்தது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நர்ஸ் ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். தேனுவைப் பார்க்க ஒருவருக்குத்தான் அனுமதி என்றாள்.

"நீ மொதல்ல போ உமையா" என்றார் மெய்யப்பன்.

காலடியில் தரை லேசாக நகர்ந்தது. கதவு கொஞ்சம் தள்ளிப்போனது. எனக்கு அது புரியாதா?

"ஆமா, நான்தான் மொதல்ல" என்று அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தேனு கண்ணைப் பாதி திறந்தாள். நான் இடப்பக்கம் போய் நின்றேன்.

"குளிருதும்மா."

"எந்தப் பக்கம்?"

"அங்கிட்டு" என்றாள். வலப்பக்கம்.

போர்வை அந்தப் பக்கம் சரிந்து கிடந்தது. தோள் வெளியே தெரிந்தது. நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனேன். தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. தோளில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. கன்னத்தைத் தொட்டேன். அவள் வாயைத் திறந்து கொட்டாவி விட்டாள். அந்தப் பக்கம் கடைவாயில் ஒரு பல் விழுந்து புதுப்பல் பாதி முளைத்திருந்தது.

அந்தப் பல் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளையின் பல். அங்கேயே நின்று அழுதேன். போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடினேன்.

நிமிர்ந்தால் கதவுக் கண்ணாடியில் மெய்யப்பனின் முகம் தெரிந்தது. நான் அவர் பக்கத்தைத் தொட்டதைப் பார்த்துவிட்டார். கோர்ட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் விரலால் எதையோ காட்டினார். திரும்பிப் பார்த்தேன். நான் போர்வையை இந்தப் பக்கம் இழுத்ததில் இடது கால் வெளியே வந்திருந்தது.

போய்க் கதவைத் திறந்தேன்.

"ஒரு ஆளுக்குத்தான் பாஸ்" என்றாள் நர்ஸ்.

"எண்ணாதீங்க" என்றேன்.

மெய்யப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலின் இடப்பக்கம் போனார். போர்வையைத் தேனுவின் காலில் சுற்றினார். அவருக்குச் சரியாகப் போர்த்தத் தெரியவில்லை. குதிகால் வெளியேதான் இருந்தது. நான் வலப்பக்கம் போய் நின்றேன்.