சுவரில் நடந்த தெரு

வாடகைக்குப் பிடித்த அந்த முதல் மாடி அறைக்குள் நுழைந்ததும் அக்கா செய்த முதல் வேலை, ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பார்த்தது. சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது.

"கேட்டுக்கிட்டியா? உள்ள ஒண்ணுமே இல்லன்னு வீடே சொல்லுது."

தங்கை சுற்றிலும் பார்த்தாள். தரையில் ஒரு மெத்தை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சமையல் மேடையில் ஒற்றை அடுப்பு. அவ்வளவுதான் குடித்தனம். கணவனை விட்டு வந்தபோது கட்டில், பீரோ, மிக்ஸி எல்லாம் அந்த வீட்டிலேயே நின்றுவிட்டன. எதை யார் பணத்தில் வாங்கினது என்று பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். மகளையும் மகளுடைய துணிமணிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த அறை அமைந்ததும் அவள் மட்டும் இங்கே வந்துவிட்டாள். மகள் இன்னும் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

"குட்டிய எப்பக்கா அனுப்புவ?"

"ஒரு கட்டில் போடு. ஜன்னலுக்கு ஒரு துணி கட்டு. நாலு சாமான் சேரட்டும். அப்புறம் பேசலாம்." அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கம்பி அசையவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது. "ஏழு வயசுப் பிள்ளைய இந்தப் பொட்டல்ல கொண்டாந்து விட எனக்கு மனசு வரலடி. கோவிச்சுக்காத."

"கோவம் எல்லாம் இல்ல. அவ என்ன சொல்றா?"

"அம்மா வீட்டுல என்ன இருக்குன்னு கேட்டா. நான் பொய் சொல்லல."

அதுதான் அவளைத் தைத்தது. அக்காவை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம். மகள்தான் கொஞ்ச நாளாக ஃபோனில் 'ம்' என்பதற்கு மேல் பேசுவதில்லை. சாப்பிட்டியா என்றால் ம். பள்ளிக்கூடம் போனியா என்றால் ம். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் அக்கா வீடே அவளுக்கு வீடாகிவிடும், அம்மா வீடு என்பது போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடமாகிவிடும் என்று தங்கைக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அவளுக்கு ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பேக்கிங் வேலை. பெட்டியில் மருந்தை அடுக்கி, மூடி, சாக்கு ஊசியால் அட்டையில் துளை போட்டு, சணல் கயிறு கோத்து இறுக்கி முடிச்சுப் போடவேண்டும். அவள் போட்ட முடிச்சு வழியில் அவிழ்ந்ததாக இதுவரை புகார் வந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியையும் அனுப்புவதற்கு முன் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அந்த மாதம் கழித்துப்போட்ட காலி அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, தினமும் சாயங்காலம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பக்கத்து மேஜையில் வேலை செய்யும் நூல்கண்டு அக்கா (உருண்டையாக இருப்பாள், பேச ஆரம்பித்தால் நிற்காது, அதனால் அந்தப் பெயர்) கண்ணைச் சிமிட்டினாள்.

"என்னம்மா, வீட்டையே பேக் பண்ணி எங்கயாச்சும் அனுப்பப் போறியா?"

"இல்லக்கா. இப்பதான் பிரிக்கறேன்."

பெட்டிகளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒன்றோடொன்று கட்டினாள். துணி வைக்க ஓர் அடுக்கு, பாத்திரம் வைக்க ஓர் அடுக்கு. மகளுடைய உயரத்துக்கு எட்டும்படி ஓர் அடுக்கைக் காலியாக விட்டாள். எதிர்க் கட்டடத்து பால்கனியில் நின்றால் இந்த அறை அப்படியே தெரியும் என்பதால், பெரிய பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, ஜன்னல் முழுவதும் அடைத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். ஓரங்களில் பேக்கிங் டேப்பையும் ஒட்டினாள். அட்டையில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டு அச்சடித்திருந்தது. அதை ஒழுங்காக மேலே பார்த்த மாதிரியே வைத்துக் கட்டினாள்.

கட்டிலுக்காகப் பழைய சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு மரக் கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"நல்ல மரம்மா. லேசா ஆடும். ஆனா விழாது. என் மச்சினன் மாதிரி."

"ஒரு கால் குட்டையா இருக்கே அண்ணே."

"அதான் சொன்னேனே, மச்சினன் மாதிரின்னு."

அவர் சொன்ன விலையில் பாதியைக் கேட்டாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முக்கால் விலைக்கு முடிந்தது. அந்த மாதத்துக்கு அதற்குமேல் ஒன்றும் வாங்குவதற்கில்லை. குட்டைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்துக் கொடுத்து, ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். மச்சினன் ஆடவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் வெயிலில் நடந்து வந்ததில் தலை விண்விண்ணென்று தெறித்தது. கதவைச் சாத்திவிட்டு, அடைத்த ஜன்னலின் இருட்டில் கட்டிலில் படுத்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடந்தாள். திறந்தபோது எதிர்ச் சுவரில் ஏதோ கறை தெரிந்தது.

ஓதம் என்றுதான் முதலில் நினைத்தாள். முன்பணம் கொடுத்த சுவரில் ஈரம் இறங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தாள். அப்போது கறைக்குள் ஒரு சிவப்புத் திட்டு நகர்ந்தது. சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வழுக்கிக்கொண்டு போனது. அது நடுவில் வரும்போது வெளியே தெருவில் பஸ் ஹாரன் அடித்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அது பஸ்தான். சக்கரம் மேலே, கூரை கீழே. தெருவே அங்கே தலைகீழாகக் கிடந்தது. எதிர்க் கட்டடத்தின் மஞ்சள் சுவரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் பால்கனியில் காயப்போட்ட துணிகள் மேல்நோக்கித் தொங்கின. காற்று வரும்போது அவை படபடத்தன. விட்டத்துக்குக் கீழே, சுவரின் உச்சியில், ஆட்கள் கால் மேலாக நடந்துபோனார்கள். யாரும் விழவில்லை. ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேறொருவரோடு பேசினார். தரையை ஒட்டின இடத்தில் வானம் இருந்தது. நீல வானம், அதில் வெள்ளையாக ஒரு மேகம், அவளுடைய தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அதனதன் நிறம் இருந்தது. கழுவி எடுத்தது போன்ற மெல்லிய நிறம்.

பயமாக இருந்தது. ஆனால் எழுந்து ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. கிட்டே போய், எட்டின மட்டும் கையைத் தூக்கிச் சுவரில் வைத்தாள். சுவர் எப்போதும்போல் சில்லென்று, சொரசொரப்பாக இருந்தது. அடுத்த பஸ் அவளுடைய புறங்கையின்மேல் ஏறிப் போனது. குடை பிடித்த ஒரு மனிதர் அவள் விரல்களின்மேல் நடந்து அந்தப் பக்கம் போய் மறைந்தார். அவளுக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பினாள். அட்டையின் நடுவில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. கட்டும்போது அளவு தவறிச் சாக்கு ஊசியால் போட்ட துளை அது. கடையாக இருந்தால் அந்த அட்டையைக் கழித்துவிடுவார்கள். டேப் ஒட்டி அடைக்கவேண்டும் என்று நினைத்து மறந்துபோயிருந்தாள். விரலை வைத்துத் துளையை மூடினாள். தெரு அணைந்தது. விரலை எடுத்தாள். பஸ், துணி, வானம், ஆட்கள் எல்லாம் வந்து நின்றன. இத்தனை பெரிய தெரு, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்ளாமல், இந்த ஊசி ஓட்டைக்குள் நுழைந்து வந்திருக்கிறது. நான் எதுவும் செய்யவில்லையே என்று நினைத்தாள். வெயில் சாயும்வரை கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைவலி எப்போது போனது என்று தெரியவில்லை.

இருட்டினதும் அக்காவுக்கு ஃபோன் போட்டு மகளைக் கேட்டாள்.

"குட்டி, நம்ம வீட்டுச் சுவர்ல பஸ் போகுது."

"டிவியா?"

"டிவி இல்ல. வெறும் சுவர்."

"அப்ப பொய்."

"வந்து பாரேன். வானம் தரையில இருக்கு."

"பெரியம்மா கூட்டிட்டு வந்தா வரேன்" என்றாள். பல நாளைக்குப் பிறகு மகள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது.

ஃபோன் கை மாறியது. "என்னடி, பிள்ளைகிட்ட என்ன கதை விட்டுட்டு இருக்க?"

"கதை இல்லக்கா. நாளைக்கு மத்தியானம் வா. கட்டில் வாங்கிட்டேன், அதையும் பாரு."

"சரி, வரோம். பாத்துட்டு உடனே கூட்டிட்டுப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் மத்தியானம் பார்த்து மேகம் போட்டது. அக்காவின் ஸ்கூட்டர் எதிர் ஓரத்தில் வந்து நின்றபோது தெருவே சாம்பல் பூத்துக் கிடந்தது. மகள் மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அட்டை அடுக்குகளை விரலால் தடவிக்கொண்டே போனாள், காலி அடுக்குக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அக்கா கையில் பூப்போட்ட பழைய திரைத்துணி இருந்தது.

"எங்க பஸ்?" என்றாள் மகள்.

தங்கை கதவைச் சாத்தினாள். மூன்று பேரும் இருட்டில் நின்றார்கள். சுவரில் அழுக்குத் தண்ணீர் போல ஏதோ மங்கலாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அதுகூட இல்லை.

"கொஞ்சம் இரும்மா. வெயில் வரணும்."

நின்றார்கள். வெயில் வரவில்லை.

"ஒண்ணுமே இல்ல" என்று மகள் முணுமுணுத்தாள்.

நேற்றுப் பார்த்தது நிஜந்தானா என்று தங்கைக்கே சந்தேகம் வந்துவிட்டது. தலைவலி, தனிமை, பசி. இல்லாததைப் பார்க்க இதெல்லாம் போதாதா?

"இருட்டுல நிக்க வெச்சு பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டறியா?" அக்காவின் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகமாக இருந்தது. "முதல்ல இந்த அட்டைய எடு. ஆஸ்பத்திரி குடோன் மாதிரி இருக்கு. துணியக் கட்டிட்டு நாங்க கிளம்பறோம்." சொல்லிக்கொண்டே ஜன்னல் ஓரத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தாள். "என்னடி முடிச்சு இது? பல்லால கடிச்சாதான் வரும்போல."

"அக்கா, கொஞ்சம் விடு."

"விட்டுட்டு? எவ்வளவு நேரம் இப்படியே..."

"பெரியம்மா, நகராதீங்க" என்றாள் மகள்.

அவள் குரல் மாறியிருந்தது. தங்கை திரும்பினாள். சுவரில் யாரோ துடைத்துவிட்டாற்போல மஞ்சள் பரவிக்கொண்டிருந்தது. துணிகள் வந்தன. வானம் தரையில் இறங்கியது. உச்சியில் ஒருத்தி பையை வீசிக்கொண்டு நடந்தாள்.

கயிற்றைப் பிடித்த அக்காவின் கை தானாகக் கீழே இறங்கியது. நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தாள். சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள்.

"அந்த ஸ்கூட்டர்... நம்மளுதுடி" என்றாள் கடைசியில், மெல்லிய குரலில். "கவுந்து நிக்குதே. பெட்ரோல் சிந்தாதா?" கேட்டுவிட்டு, கேட்டது என்ன என்று உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மகள் குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டு, தெருவை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போய் அங்க நில்லும்மா."

அவள் படியிறங்கித் தெருவைத் தாண்டி ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வெறும் அட்டை அடைத்த ஒரு ஜன்னல். அதைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். போகிற ஒருவர் நின்று, அவளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரைம்மா கூப்பிடறீங்க? வீட்டுல ஆள் இல்லபோல."

"இருக்காங்க. என்னைப் பாத்துட்டுதான் இருக்காங்க."

அவர் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினார்.

சற்று நேரத்தில் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள், பின்னாலேயே அக்காவும். "உன் ஜடை மேல பாத்துத் தொங்குச்சும்மா. ஆனா நீ விழவே இல்ல. இப்ப நான் நிக்கறேன். நீ போய்ப் பாரு. சீக்கிரம், மேகம் வந்துடும்."

அவள் படிகளில் ஏறினாள். கதவைச் சாத்தி, இருட்டுக்குக் கண் பழகும்வரை காத்திருந்தாள். முதலில் மஞ்சள் கட்டடம் வந்தது. பிறகு அதைவிடப் பளிச்சென்று இன்னொரு மஞ்சள். சாண் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலான உருவமாக அவளுடைய மகள், கால் மேலே, தலை கீழே, குதித்துக்கொண்டிருந்தாள். அவள் தரையைவிட்டு எம்பும்போதெல்லாம் சுவரில் வானத்தை நோக்கி விழுந்தாள். விழுந்து விழுந்து திரும்பிப் போய்ப் பாதையில் ஒட்டிக்கொண்டாள். இந்தப் பிள்ளையைப் பெற்று, குளிப்பாட்டி, தோளில் போட்டுத் தூங்கவைத்தது எல்லாம் நாம்தானா என்று இருந்தது. முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தாள்.

மகள் குதிப்பதை நிறுத்தினாள். பெரியம்மாவிடம் ஏதோ சொன்னாள். அக்கா குனிந்து கேட்டாள். ஒரு லாரி நடுவில் புகுந்து இருவரையும் மறைத்துவிட்டுப் போனது. அக்கா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றா, சரி என்றா, தலைகீழாகப் பார்க்கும்போது பிடிபடவில்லை. மகள் மறுபடியும் சொன்னாள். இந்த முறை பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அக்கா நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இருட்டில் நின்றவள் தன்னையறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு அக்கா ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினாள். உள்ளேயிருந்து நீலத்தில் ஒரு பையை எடுத்தாள். மகளுடைய ராத்திரித் துணி வைக்கிற பை. பார்த்துவிட்டு உடனே கூட்டிப்போய்விடுவேன் என்று சொன்னவள், அதையும் மடித்து எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். பையை மகளின் தோளில் மாட்டிவிட்டு, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

இரண்டு பேரும் தெருவைத் தாண்ட ஆரம்பித்தார்கள். கிட்டே வர வர, சுவரில் அவர்கள் மேலே ஏறினார்கள். உச்சிக்கு வந்து, சுவர் முடிந்த இடத்தில் மடங்கி, விட்டத்தில் நடக்கத் தொடங்கினார்கள். மஞ்சள் கவுன் பெரிதாகி, நீண்டு, கலங்கி, அண்ணாந்து நின்ற அவள் தலைக்கு நேர் மேலே வந்தது. அங்கேயே கரைந்தது.

படியில் காலடி கேட்டது. கதவைத் திறந்தால் வெளிச்சம் வந்து தெரு அழிந்துவிடும். போய்த் திறந்தாள்.

"அம்மா, நான் எதுவரைக்கும் வந்தேன்?" என்றாள் மகள், செருப்பைக் கழற்றாமலே.

அவள் கையைத் தூக்கி விட்டத்தைக் காட்டினாள். அண்ணாந்து பார்த்த பிள்ளையின் வாய் திறந்தே இருந்தது.