சுண்டுவிரலின் நிறம்

எந்த ஷிப்ட்டானாலும் அப்பாவின் கால் புண்ணைப் படம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் மோனிஷாவுக்கு மற்ற வேலை. அப்பா பெரியமுத்து தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைப் புண். மலைமேல் இருக்கும் சித்திரபுரத்திலிருந்து அடிக்கடி மலையிறங்க முடியாதென்று டாக்டர்தான் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்.

படத்தில் கால் ஒருநாள் சிவப்பாக இருக்கும், மறுநாள் ஊதாவாக. ஊதா என்றால் உடனே கூட்டிவரச் சொல்வார்கள். ஜீப் பிடித்து, வளைவுக்கு வளைவு அப்பா வாந்தியெடுக்க, போய்ச் சேர்ந்தால் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே" என்பார். இரண்டாம் முறையும் அப்படி ஆனபோது மோனிஷாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

கட்டுப்போடும் மலையாளி நர்ஸ் பின்சிதான் கேட்டாள்.

"எங்க வச்சு எடுக்கிறே, மோளே?"

"வாசல்ல, சேச்சி. மழைக்குக் கட்டின நீல ஷீட்டுக்குக் கீழ."

"அதானே! ஷீட்டோட நீலம் கால்ல விழுது. போன் வேற அது இஷ்டத்துக்கு நெறத்த மாத்தும்."

வெள்ளை, சாம்பல், கறுப்பு, பல வண்ணங்கள் என்று கட்டம் கட்டமாக அச்சடித்த சிறிய அட்டை ஒன்றைக் கொடுத்தாள்.

"இத புண்ணுக்குப் பக்கத்துல வச்சு எடு. இந்தக் கட்டங்களோட அசல் நெறம் இங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும். அட்ட சரியாத் தெரியற மாதிரி படத்த மாத்தினா, காலும் சரியா வந்துரும்."

அதன்பிறகு வீண் அலைச்சல் நின்றது.

மழை விட்டிருந்த ஒரு காலை. ரிசார்ட்டில் ராத்திரி டூட்டி முடித்து, கண்ணெரிச்சலோடு வந்தாள் மோனிஷா. ஜன்னல் வழியாக இளவெயில் கட்டிலில் விழுந்திருந்தது. அங்கேயே அட்டையை வைத்துப் படமெடுத்தாள். போனில் கால் ரோஜா நிறத்தில் இருந்தது.

"ஆறிட்டு வருதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தாள்.

கண்ணயரும் நேரம் பின்சி கூப்பிட்டாள். "படத்த சரிபண்ணிப் பாத்தோம், மோளே. சுண்டுவிரல் கறுத்து வருது. இன்னைக்கே கூட்டிட்டு வா."

"வெயில்ல எடுத்தேன் சேச்சி. நல்லா செவப்பாத்தான இருக்கு?"

"அது வெயிலோட செவப்பு. டாக்டரும் பாத்தாச்சு."

அந்த அழைப்பை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைப் பயமுறுத்தியது. எழுந்துகொண்டாள்.

பெரியமுத்து அசையவில்லை. "இப்படித்தான் ரெண்டு தடவ இழுத்துட்டுப் போன. ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்புனாங்க. நான் வரல."

மோனிஷா தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தாள். "சண்ட போட எனக்குத் தெம்பில்லப்பா. காலுக்காக வேணாம். எனக்காக வாங்க."

அவர் மெல்லக் காலைக் கட்டிலிலிருந்து இறக்கினார். பிறகு, "அந்தச் சட்டைய எடு" என்றார்.

மறுநாள் விரலை எடுத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் பெரியமுத்து கேட்டார்.

"எத்தன போச்சு?"

"ஒண்ணுதாம்ப்பா."

"நடக்கலாம்ல?"

"நடக்கலாம்."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்தார். "இங்கன கொஞ்சம் படும்மா. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

சாப்பிட்டாயா என்று அவர் அடுத்துக் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் தலைவைத்து அதற்குள் தூங்கியிருந்தாள்.