மூன்றடுக்குக் கேக்கும் பிக்கப் ஏசியும்

நான்கு மணிக்கு விழிஞ்ஞத்தில் கல்யாண வரவேற்பு. சரசம்மாவுக்குக் கிடைத்த முதல் கல்யாண ஆர்டர். மூன்றடுக்கு வெண்ணெய்க் கேக், தட்டுகளைக் கழற்றிய ஃபிரிட்ஜுக்குள் கரமனை வீட்டில் காத்திருந்தது. அதை ஏற்றிப்போக வீட்டில் இருந்த ஒரே வண்டி, புருஷன் ஞானையனின் பிக்கப். அதன் கேபினில் ஏசி அடுப்பு மாதிரி ஊதியது. கேக் உருகினால் ஆர்டர் கொடுத்த கேட்டரிங்காரர் இனி கூப்பிடமாட்டார்.

அப்பாவோடு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்த மகள் லிபி மெக்கானிக்கல் இன்ஜினீயர். ஆனால் ஒர்க்‌ஷாப் ஷிபின் அவள் கேட்டதற்கெல்லாம் அவள் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னான். ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டதாம். போன மாதமும் தீர்ந்ததாம், அதற்கு முந்தின மாதமும். கேஸ் என்ன கஞ்சியா, குடிக்கக் குடிக்கத் தீருவதற்கு என்றாள் லிபி.

வண்டி ஓடும்போது தணுப்பு வரும், சிக்னலில் நின்றால் போய்விடும் என்றார் ஞானையன்.

"அப்போ கேஸ் உண்டு. கேஜைப் போட்டு பிரஷர் பாருங்க" என்றாள் லிபி.

ஷிபின் ஞானையனைப் பார்த்தான்.

"சொன்னது நான். அவருக்க மூஞ்சில கேஜ் மாட்ட முடியாது."

மாட்டினான். முள் ஏறி உச்சியில் நின்றது. கேஸ் தேவைக்கு மேலேயே இருந்தது. சூடு வெளியேறத்தான் வழியில்லை. ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. ஷிபின் பானெட்டுக்குள் தலையை விட்டுத் தேடினான். ஞானையன் வண்டிக்கு அடியில் தேடினார். முன்பக்கம் யாரும் பார்க்கவில்லை. லிபி அந்தப் பக்கம் போயே மூன்று மாதம். வண்டியில் ஏற வேண்டுமென்றால் பின்னால் சுற்றித்தான் வருவாள்.

காரணம், முன்பக்கம் இருந்தது அவளேதான். கருப்பு அங்கி, தொப்பி, கடைக்காரன் கம்ப்யூட்டரில் பூசிய ரோஸ் கன்னம், மேலே மலையாளத்தில் 'எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினீயர்'. ரிசல்ட் வந்த அன்றே அப்பா அடித்த பிளெக்ஸ். ஒரு சுருக்கம்கூட விழாமல் கிரில்லோடு கம்பி போட்டு இறுக்கியிருந்தார்.

லிபி பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். ஏசிக்குப் போக வேண்டிய காற்றை அவள் முகம் அடைத்துக்கொண்டிருந்தது.

"சேச்சி, இந்தப் படமா?" ஷிபின் முதல் தடவையாக அவளிடம் பேசினான்.

ஞானையன் குறுக்கே வந்து நின்றார். அவிழ்க்க வேண்டாம், கண் இரண்டையும் வெட்டி ஓட்டை போட்டால் காற்று போகுமே என்றார். போதாவிட்டால் பல்லையும் வெட்டலாமாம்.

"மூணு மாசமா கேஸ் அடிச்சீங்க. எனக்க மூஞ்சிய ஒருதடவ அவுத்திருக்கலாம்."

அவளே கம்பியை வெட்டினாள். முள் மளமளவென்று இறங்கியது. கூடுதலாக ஏற்றிய கேஸை ஷிபின் எடுத்துவிட்டான். கேபினுக்குள் குளிரில் பல் கிட்டியது. அதற்குள் ஞானையன் பிளெக்ஸைப் பின்கதவில் கட்டி முடித்திருந்தார். அங்கே அடைக்க ஒன்றுமில்லை. லிபி கேக்கை எடுக்க வண்டியை வீட்டுக்கு விடச் சொன்னாள்.

மணி மூன்றரை. பைபாஸில், அவள் மடியிலிருந்த கேக்கில் ஒரு க்ரீம் ரோஜாகூடச் சாயவில்லை. ஆனால் வண்டி மாட்டுவண்டியாக ஊர்ந்தது.

"அப்பா, நாலு மணிக்கு அங்க நிக்கணும். வேகமாப் போங்க."

ஞானையன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"கொஞ்சம் பொறு மக்களே. அந்த ஸ்கூட்டர்காரி இன்னும் வாசிச்சு முடிக்கல."