எந்த வழியில் சித்தப்பா

அய்யாவு காலைத் தேநீரை வீட்டிலேயே குடிக்க ஆரம்பித்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று மருமகள் ஷர்மினிக்குப் பட்டது. ஜொகூர் பாரு தம்போயில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததே இல்லை. விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு முனையிலிருக்கும் மாமாக் தேநீர்க் கடைக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கென்று ஒரு மேசையும் சில கூட்டாளிகளும் உண்டு. அவருடைய குரல் பெரிது. கடையில் அவர் பேசினால் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஷர்மினிக்கு என்ன விஷயம் என்று தெரிந்துவிடும்.

“மாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. உன் டீயும் நல்லாத்தான் இருக்கு.”

அவள் போட்ட தேநீரை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லை. அன்று சாயங்காலம் கணவன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளை உருட்டிக் களைத்து வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் குளித்துவிட்டு நேரே கடைக்கு நடந்தான்.

அப்பாவின் மேசையில் மணியம் மட்டும் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே கம்பெனியில் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர்கள். ரூபேந்திரனைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

“கோவமா இருக்கானா?”

“என்ன நடந்துச்சு அங்கிள்?”

“நான் சும்மா விளையாட்டுக்குத்தான் லா சொன்னேன்.”

நடந்தது இதுதான். மலாயாக் கால்பந்துக் குழுவுக்குக் கோல் கீப்பராக நின்ற சபாபதி என்பவர் ஒரு காலத்தில் பெரிய பேர். ரங்கூன், சைகோன் என்று போய் விளையாடியவர். பத்திரிகைக்காரர்கள் அவரை ‘பறக்கும் சபாபதி’ என்று எழுதுவார்கள். அவர் இறந்தே பல வருடம் ஆகிவிட்டது. அந்தச் சபாபதி தன் சித்தப்பா என்று அய்யாவு வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்திருக்கிறார். போன வாரம் ஈப்போவில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. சபாபதிக்கான கேடயத்தை அவருடைய தம்பி மகன் வாங்கும் படம் பத்திரிகையில் வந்திருந்தது. மணியம் அதை மேசையில் விரித்து வைத்து, “சபாபதி வடக்கே பேராக் மாநிலத்துக்காரர்னு போட்டிருக்கான். உங்கப்பா இங்க ஜொகூர்ல, உலு திராம் தோட்டத்துல ரப்பர்ப் பால் வெட்டுனவரு. எப்படிடா உனக்குச் சித்தப்பா ஆனாரு?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அய்யாவு காசை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

ரூபேந்திரனுக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அவனும் பள்ளியில் படிக்கும்போது சபாபதி பேரைச் சொல்லியே பந்து விளையாட்டுக் குழுவில் இடம் பிடித்தவன்தான். முதல் ஆட்டத்திலேயே காலிடுக்கில் பந்தை விட்டுவிட்டான் என்பது வேறு கதை. உறவு உண்மைதானா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்பாவிடம் இருந்த சான்று ஒன்றே ஒன்றுதான். உலு திராம் தோட்டத்தில் அவர் ஆறு வயதுப் பையனாக இருந்தபோது உயரமான ஒருவர் லயத்து வீட்டுக்கு வந்தார். அவருடைய கை முறம் மாதிரி அகலம். பையனை ஆகாயத்தில் தூக்கிப் போட்டுப் பிடித்தார். “சித்தப்பாடா” என்றார். போகும்போது ஒரு பழைய பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்தான் சபாபதி என்று லயத்து ஆட்கள் பல நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

“நான் தேடிப் பார்க்கறேன்பா,” என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான்.

அய்யாவு ரசத்தைப் பிசைந்துகொண்டே, “என்னத்தத் தேடப் போற? வேலையப் பாரு,” என்றார். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லவுமில்லை.

ரூபேந்திரன் கைப்பேசியில் வம்சாவளி போடும் செயலி ஒன்றை இறக்கினான். முதலில் தன் பேர், மேலே அப்பா, அதற்கும் மேலே தாத்தா காத்தமுத்து. தாத்தா சிறு வயதில் பெற்றோரோடு கப்பலில் வந்தவர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. அண்ணன் தம்பி கிடையாது. உலு திராமில் இன்னும் இருக்கும் தோட்டத்துப் பழைய ஆட்களிடம் போன் போட்டுக் கேட்டான். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். பிறகு பேஸ்புக்கில், கேடயம் வாங்கிய அந்த ஈப்போக்காரரைக் கண்டுபிடித்தான். நல்ல மனுஷர். பொறுமையாகப் பேசினார்.

“எங்கப்பாவும் பெரியப்பாவும் ரெண்டே பேருதான் தம்பி. வேற கூடப்பொறந்தவங்க இல்ல. பெரியப்பா ரயில்வே வேலைக்கு ஜொகூருக்குத் தனியா போனவரு. பாலோ ஸ்டேஷன்ல இருந்தாரு. காத்தமுத்துன்னு யாரும் எங்க சொந்தத்துல இல்லையே.”

ரூபேந்திரன் நன்றி சொல்லி வைத்தான். எப்படிப் பார்த்தாலும் ஒட்டவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவர் பையனைத் தூக்கிக் கொஞ்சி ‘சித்தப்பா’ என்று சொன்னதை அப்பா பிடித்துக்கொண்டார், தோட்டத்தில் எல்லாருமே சித்தப்பாவும் மாமாவும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஷர்மினி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கைப்பேசியைக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன ஒரு பக்கம் மட்டும் இருக்கு?” என்றாள்.

“சித்தப்பான்னா அப்பாவோட தம்பி. அப்ப தாத்தா பக்கம்தானே தேடணும்?”

“அலமாக்! ஏங்க, என் செல்வா சித்தப்பா யாரு?”

“உங்கம்மா தங்கச்சி வீட்டுக்காரரு.”

சொல்லி முடித்ததும் ரூபேந்திரனுக்கே உறைத்தது. ஷர்மினி மடித்த சட்டையை அவன் மடியில் போட்டாள். “சின்னம்மாவக் கட்டுனவரும் சித்தப்பாதான். மாமாவப் பெத்த அம்மா பக்கம் யாரு இருக்காங்கன்னு பார்த்தீங்களா?”

அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்பாவைப் பெற்றவள் அவருக்கு விவரம் தெரியும் முன்னே இறந்துபோனாள். தாத்தா அதற்குப் பிறகு கட்டிய பாட்டியைத்தான் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாட்டி அப்பாவைத் தன் பிள்ளையாகவே வளர்த்தவர். அப்பாவும் அவரை ‘அம்மா’ என்றே கூப்பிட்டார். அவர் மனம் நோகக் கூடாது என்று இறந்துபோனவளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

அப்பா வரவேற்பறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ரூபேந்திரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“அப்பா, உங்களப் பெத்த அம்மா பேரு என்ன?”

அய்யாவு தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “செங்கமலம். பொறப்புச் சூராவுல போட்டிருக்கு.”

“எந்த ஊரு?”

“பாலோ பக்கம் ஏதோ தோட்டம்னு சொல்லுவாங்க. வேற ஒண்ணும் தெரியாதுப்பா. போட்டோகூடக் கெடையாது.” மகன் பக்கம் திரும்பி, “ஏன் கேக்கற?” என்றார்.

பாலோ என்றதுமே ரூபேந்திரன் கைப்பேசியை எடுத்திருந்தான். ஈப்போக்காரரை மறுபடி கூப்பிட்டு, சபாபதிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டான். சுகுமாறன் என்று ஒரு மகன், பாலோவிலேயே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார் என்று எண்ணைக் கொடுத்தார்.

சுகுமாறன் கடையை அடைத்துக்கொண்டிருந்த நேரம். பின்னால் இரும்புக் கதவு இறங்கும் சத்தம் கேட்டது. ரூபேந்திரன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவர் ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தார். நம்பிக்கையில்லாத குரல். இப்படி உரிமை கொண்டாடிப் பேசியவர்கள் நிறையப் பேர் போல.

“உங்க அப்பா பேரு என்ன சொன்னீங்க?”

“அய்யாவு.”

அந்தப் பக்கம் கதவுச் சத்தம் நின்றது.

“எங்க அம்மாவோட அப்பா பேரும் அய்யாவுதான். அம்மா ஐசி கார்டுல ராஜம்மா அனாக் பெரம்புவான் அய்யாவுன்னு, அய்யாவு மகள்னு இருக்கும். ஒரு நிமிஷம் இருங்க. வீட்டுக்குப் போய்ட்டுக் கூப்பிடறேன்.”

கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது. ரூபேந்திரன் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். முதலில் யாரோ மூச்சு விடும் சத்தம். பிறகு ஒரு கிழவியின் குரல், கிணற்றுக்கு அடியிலிருந்து கூப்பிடுவது போல உரக்க.

“காத்தமுத்து மாமா மகனா? செங்கமலம் மகனா?”

ஷர்மினி சட்டென்று மாமனாரைப் பார்த்தாள். அந்தக் குரல் அப்படியே அவருடையது.

அய்யாவு கைப்பேசியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஆமாங்க,” என்றார். ரொம்ப மெதுவாக.

“ஆமாங்கவா? சின்னம்மாடா நான்! உங்கம்மாவோட தங்கச்சி!”

“சின்னம்மா, சின்னம்மா,” என்று அய்யாவு திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் சுகுமாறன்தான் கைப்பேசியை வாங்கி, “ரூபேந்திரா, அப்ப நான் உனக்குச் சித்தப்பா முறை லா,” என்று சிரித்தார்.

மறுநாள் காலையில் மணியமே ஒரு பை நிறையக் கறிபாப் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவரை அய்யாவு பேசவே விடவில்லை. “சித்தப்பா கெடக்காருடா. எனக்குச் சின்னம்மா இருக்காங்க. உசிரோட இருக்காங்க,” என்றார். மணியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கறிபாப்பில் பாதியை இரண்டு பேருமே தின்று தீர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டார் மூவரும் காரில் பாலோவுக்குக் கிளம்பினார்கள். அய்யாவு முன்னிரவே சவரம் செய்து, காலையில் மறுபடியும் செய்திருந்தார். குளுவாங்கில் நிறுத்திப் பழம் வாங்கினார்கள். அது போதாது என்று ஒரு சேலையும் வாங்கச் சொன்னார். என்ன நிறம் என்று ஷர்மினி கேட்டதற்கு, “எனக்கென்ன தெரியும், அவங்க மூஞ்சியே தெரியாதே,” என்றார்.

பாலோவில் ரயில் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தரை வீடு. சுவரில் சபாபதியின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒரு படத்தில் அவர் பந்துக்காகத் தரைக்கு மேலே படுக்கையாகப் பறந்துகொண்டிருந்தார். ரூபேந்திரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அய்யாவு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற சின்ன உருவத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள வாடா,” என்றார் ராஜம்மா.

அய்யாவு குனிந்து காலைத் தொடப்போனார். ராஜம்மா தோளைப் பிடித்துத் தூக்கி, முகத்தைத் தடவி, காதைத் திருப்பிப் பார்த்தார். “அக்காவுக்கும் இப்படித்தான், காது பெருசு,” என்றார். எண்பத்தாறு வயதுக் கிழவி எழுபத்திரண்டு வயதுப் பையனின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஷர்மினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சாப்பிட்டு முடித்த பிறகு அய்யாவு, “போட்டோ ஏதும் இருக்கா சின்னம்மா?” என்று கேட்டார்.

“அக்கா எடுத்ததே இல்லடா. அப்ப யாரு எடுத்தா? என்னையே பாரு. நான்தான் அவ ஜாடை. அவ கொஞ்சம் உசரம், கொஞ்சம் கருப்பு. கத்திப் பேசுவா. ஒரு மர நெரையில நின்னு கூப்பிட்டா அந்தக் கோடியில வேலை வாங்கற மண்டோருக்கே கேக்கும்.”

“இப்பத் தெரியுது யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு,” என்றாள் ஷர்மினி.

ரூபேந்திரன் அந்தப் பந்தைப் பற்றிக் கேட்டான். ராஜம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

“நான் சொல்லித்தான் அவரு போனாரு. ஜொகூர் பாருல மேட்ச் இருந்துச்சு. மேட்ச் கெடக்கட்டும், எங்கக்கா மகன் உலு திராம் தோட்டத்துல இருக்கானாம், சோறு ஒழுங்கா திங்கறானான்னு பார்த்துட்டு வாங்கன்னு சண்டை போட்டு அனுப்புனேன். திரும்பி வந்து, பையன் கனமா இருக்கான், தூக்கிப் போட்டேன் சிரிச்சான்னாரு. அதுக்கப்புறந்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.”

“அப்புறம் ஏன் வரல?” அய்யாவுவின் கேள்வியில் குறை இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது.

“காத்தமுத்து மாமாதான் சொல்லிவிட்டாரு. பிள்ளை புது அம்மாகிட்ட இப்பத்தான் ஒட்டியிருக்கான், நீங்க வந்து போனா அவன் மனசு ரெண்டாயிரும்னு. எங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அவரு சொன்னது தப்பு இல்லியே. அந்தம்மா உன்ன நல்லா பார்த்துக்கிட்டாங்களா?”

“ரொம்ப நல்லா.”

“அது போதும்,” என்றார் ராஜம்மா.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம் என்று ரூபேந்திரன் எழுந்தான். மறுநாள் விடியற்காலையில் அவன் பாலம் தாண்ட வேண்டும். அய்யாவு எழவில்லை. ராஜம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். சுகுமாறன் ஒரு கைலியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தார்.

“அப்பா, மருந்து எடுத்துட்டு வரலையே,” என்றான் ரூபேந்திரன்.

“இங்க கிளினிக் இல்லாமலா இருக்கு? நீங்க போங்கப்பா. வியாழக்கிழமை வா. இல்லாட்டி அடுத்த ஞாயித்துக்கிழமை வா. அவசரமில்ல.”

கார் திரும்பும்போது ஷர்மினி கண்ணாடியை இறக்கினாள். வீட்டுக்குள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதாகத் தெரியவில்லை. யார் குரல் எது என்று அவளுக்குப் பிரிக்க முடியவில்லை. ரயில் பாதை வரை அது கேட்டுக்கொண்டே வந்தது.