எதைக் கேட்டாலும் ஆம்

தான் பார்க்கும் வேலையை யாருக்கும் புரியவைக்க அவளால் முடிந்ததில்லை. அக்காவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "கம்பைலர்னு ஒண்ணு இருக்குக்கா. நாங்க எழுதுறதை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்தித் தரும். 'இந்த வசதி உன்கிட்ட உண்டா'ன்னு அதுகிட்ட கேட்டுச் சொல்ற ஸ்கிரிப்ட் நான் எழுதுறது."

"அப்போ நீ தரகர்னு சொல்லு" என்றாள் அக்கா.

அந்த அக்காதான் ஆபரேஷன் முடிந்து சில நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கையில் வலி மருந்து ஏற்றும் பம்ப், இவள் கம்பெனி செய்தது. நேற்றுப் பார்க்கப் போனபோது, "என் தங்கச்சி எழுதினதுதான் இதுக்குள்ள ஓடுது, எனக்கென்ன பயம்" என்று நர்ஸிடம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை, டெஸ்ட் செய்யும் அம்மாள் இவள் மேஜைக்கு வந்து நின்றார். குற்றம் கண்டுபிடிப்பதில் எமகாதகி. ஆபீஸே அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடும். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, நாள்கணக்கா ஓடவிட்ட பம்ப் ஒண்ணு நிக்கவே மாட்டேங்குது. கொடுத்த மருந்தோட கணக்கு நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குப் போயிடுச்சு. இன்னும் ஒண்ணுமே கொடுக்கலைன்னு நெனச்சு அது பாட்டுக்கு ஊத்துது."

"கணக்கு நிரம்பினா பம்பை நிறுத்துற வசதியைப் போட்டிருக்கோமே. கம்பைலர் ஆம்னுதானே சொல்லுச்சு?"

"எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுப் பாரு."

அந்த வசதியின் பெயரைக் கொடுத்தாள். ஆம் என்றது ஸ்கிரிப்ட். வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு கொடுத்தாள். அதற்கும் ஆம். உலகத்திலேயே இல்லாத வசதியாக இருக்கட்டும் என்று, மேனேஜருக்கு வைத்திருந்த பட்டப்பெயரைத் தட்டினாள்.

சிடுமூஞ்சி உண்டா? ஆம்.

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை.

பழைய கம்பைலர் கறார்ப் பேர்வழி. தெரியாததைக் கேட்டால் வேலையையே நிறுத்திவிடும். வேலை முடிந்தால் 'ஆம்', நின்றால் 'இல்லை' என்று அதை நம்பித்தான் இவள் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அண்மையில் மாற்றிய புதுக் கம்பைலருக்கோ யார் மனத்தையும் நோகடிக்கத் தெரியாது. 'நீ கேட்டது என்னிடம் இல்லையே' என்று ஓரமாக முணுமுணுத்துவிட்டு, வேலையை முடித்துக் கொடுத்துவிடும். அந்த முணுமுணுப்பைக் குப்பையில் தள்ளும் வரியை எழுதியது யார்? சாட்சாத் இவளேதான். திரையை அடைக்கிறதாம்! அடிப் பாவி, நாலு வரி கூடுதலாகத் தெரிந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

"புது கம்பைலர்ல செஞ்சது எதுவும் வெளியே போகலையே?" என்று கேட்டாள்.

"டெஸ்ட் முடியட்டும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சிடுமூஞ்சி எங்கே கேட்டார்? எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயாச்சு" என்று சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடி மேனேஜர் அறைக்கு ஓடினார்.

இவள் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தார்.

"அத்தான், அந்த பம்பை நிறுத்தச் சொல்லுங்க. உடனே நர்ஸைக் கூப்பிடுங்க."

"எதுக்கு இப்படிப் பதறுறே?" அத்தான் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அது பாட்டுக்கு நல்லாத்தான் ஓடிட்டிருக்கு. நேத்து வரைக்கும் வலி வலின்னு முனகிட்டுக் கிடந்தவ, இப்பதான் சத்தமில்லாம படுத்திருக்கா. டாக்டர் வர்ற நேரமாச்சேன்னு தட்டிக்கூடப் பார்த்தேன், அசையலை. அவ்வளவு நல்ல தூக்கம். தூங்கட்டும், விடு."